விலகுவதா, விலக்குவதா? ‘பாய்காட்’ என்ற வினைச்சொல்லின் கதை

கல்லூரியில் ஒரு மாணவர் வகுப்புக்குப் போகாமல் திரைப்படத்துக்குப் போனால் அதற்குப் பெயர் ‘கட் அடிப்பது’. அதே வகுப்பின் அறுபது பேரும் பேசிவைத்துக்கொண்டு, விடுதிச் சாப்பாட்டின் தரத்தைக் கண்டித்தோ கட்டண உயர்வை எதிர்த்தோ வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டால் அதற்குப் பெயர் ‘பாய்காட்’. வருகைப் பதிவேட்டில் இரண்டுக்கும் விழுவது ஒரே குறிதான் என்றாலும், இரண்டையும் ஒன்றென்று யாரும் சொல்வதில்லை. முதலாவதில் மறைவு இருக்கிறது. இரண்டாவதில் அறிவிப்பு இருக்கிறது. முதலாவது தனி ஆளின் விருப்பம். இரண்டாவது பலர் கூடி எடுத்த முடிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவதற்கு எதிரில் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அது உறைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆங்கில அகராதிகள் இந்த வினைச்சொல்லுக்குத் தரும் விளக்கத்தின் சாரமும் இதுதான்: எதிர்ப்பைக் காட்டுவதற்காகவோ தண்டிப்பதற்காகவோ பணியவைப்பதற்காகவோ, ஒருவரோடு அல்லது ஒன்றோடு எந்தத் தொடர்பும் கொள்ளாமல் கூட்டாக விலகி நிற்பது.

கேட்பதற்கு எளிமையான பொருள்தான். ஆனால், இந்தச் சொல்லைப் பொறுப்போடு கையாள வேண்டிய நிலையில் இருந்தவர்களில் சிலர் இதை எடுத்துப் பேசத் தயங்கியிருக்கிறார்கள். ஒருவர் எடுத்த பிறகு கீழே வைத்துவிட்டார். அந்தத் தயக்கத்துக்கான காரணம் ஆங்கில இலக்கணத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழ் இலக்கணத்தின் வழியாகப் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. அதற்கு முன்னால், சொல் பிறந்த இடத்துக்குப் போய்வர வேண்டும்.

இந்த வினைச்சொல் ஒரு மனிதரின் குடும்பப் பெயர். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் 1832இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோதுதான் குடும்பம் தன் பெயரின் எழுத்துக்கூட்டலை இன்றைய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டது. மாற்றாமல் விட்டிருந்தால் உலகம் இன்று ‘பாய்கட்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகள் படையில் இருந்தார். ஊரார் அவரைக் ‘கேப்டன்’ என்று அழைத்தார்களே தவிர, அந்தப் பதவியை அவர் வகித்ததில்லை. படையை விட்டபின் அயர்லாந்திலேயே தங்கி, 1870களில் மேற்குக் கரையோர மாவட்டமான மேயோவில், பாலின்ரோப் என்ற சிற்றூருக்கு அருகே லஃப் மாஸ்க் ஏரிக்கரையில் குடியேறினார். அங்கே அவருக்கு இரண்டு வேடங்கள். சொந்தக் குத்தகையில் அறுநூறு ஏக்கருக்கு மேல் பண்ணை நடத்தினார்; எர்ன் பிரபு என்ற பெருநிலக்கிழாருக்காக ஏறத்தாழ 1,500 ஏக்கரில் குத்தகை வசூலிக்கும் முகவராகவும் இருந்தார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பண்ணையாரின் காரியஸ்தர். பிரபுவைக் குத்தகைதாரர்கள் பார்ப்பது அரிது. காரியஸ்தரைத் தினமும் பார்க்க வேண்டும். படல் கதவைத் திறந்துபோட்டுவிட்டால் அபராதம், ஆடுமாடு எல்லை தாண்டினால் அபராதம் என்று சில்லறைக் கண்டிப்புகளாலேயே அவர் வெறுப்பைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

1879இல் விளைச்சல் பொய்த்தது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேரைப் பறிகொடுத்த நாட்டில், மறுபடியும் பஞ்சம் வருமோ என்ற பயம் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் ஐரிஷ் நிலக் கழகம் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று உருவாக்கியவர் மேயோவில் பிறந்த மைக்கேல் டேவிட், தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல். நியாயமான குத்தகை, வெளியேற்றப்படாமல் உழும் உரிமை, குத்தகை உரிமையை விற்றுக்கொள்ளும் சுதந்திரம் ஆகிய மூன்றும் அதன் கோரிக்கைகள். 1880இல் எர்ன் பிரபு குத்தகையில் பத்து விழுக்காடு தள்ளுபடி தர முன்வந்தார். குத்தகைதாரர்கள் இருபத்தைந்து விழுக்காடு கேட்டார்கள். பிரபு மறுத்தார், பாய்காட் வெளியேற்ற நடவடிக்கையைத் தொடங்கினார்.

செப்டம்பர் 19ஆம் நாள் எனிஸ் நகரில் பார்னெல் பேசிய கூட்டம் இந்தக் கதையின் திருப்பம். வெளியேற்றப்பட்ட ஒருவரின் நிலத்தைப் போட்டிபோட்டுக் குத்தகைக்கு எடுக்கிறவரை என்ன செய்வது என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். “சுட வேண்டும்” என்று குரல்கள் எழுந்தன. அதைவிடச் சிறந்த, அதைவிடக் கிறித்தவப் பண்புள்ள ஒரு வழி இருக்கிறது என்றார் பார்னெல். சாலையில் எதிர்ப்பட்டாலும், தெருவில் பார்த்தாலும், கடையிலும் சந்தையிலும், கோயிலில்கூட அவரை விட்டு விலகுங்கள். பழங்காலத்துத் தொழுநோயாளியைப் போல அவரைத் தனியே விட்டுவிடுங்கள் என்றார். கவனித்தால், அவர் சொன்னது நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் சக விவசாயியைப் பற்றியே தவிர, நிலக்கிழாரையோ அவருடைய காரியஸ்தரையோ பற்றி அல்ல. ஆயுதம் ஒருவரைக் குறித்துச் சொல்லப்பட்டது. பாய்ந்தது வேறொருவர் மீது.

மூன்றே நாளில் அது பாய்ந்தது. செப்டம்பர் 22ஆம் நாள் வெளியேற்ற அறிவிப்புகளைக் கொடுக்கப் போன நீதிமன்ற ஊழியரையும் அவருக்குக் காவலாக வந்த போலீசாரையும் ஊர்ப் பெண்கள் கல்லும் சேறும் சாணமும் வீசித் துரத்தினார்கள். மறுநாள் ஊரே திரண்டு பாய்காட்டின் வீட்டுக்குப் போய் வேலையாட்களை வெளியே வரச் சொன்னது, வேலையாட்கள் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கொல்லர் லாடம் அடிக்கவில்லை. துணி துவைக்கிற பெண் வரவில்லை. பாலின்ரோப் கடைக்காரர்கள் பொருள் தரவில்லை. தபால் வந்துசேர்வதே பெரும்பாடாகிவிட்டது. தோட்டத்தில் கிழங்குகள் தோண்டுவாரின்றிக் கிடந்தன. அக்டோபர் 18ஆம் நாள் லண்டன் ‘டைம்ஸ்’ இதழில் வெளியான தன் கடிதத்தில் பாய்காட் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கி, எல்லாவற்றையும் போட்டுவிட்டு நான் நாட்டைவிட்டு ஓடும்வரை என்னை அழிப்பதே நிலக் கழகத்தின் வெளிப்படையான நோக்கம் என்று எழுதினார். தன்னை நடத்திய விதத்தை உலகுக்குச் சொல்ல அவர் எழுதிய கடிதம், அவருடைய பெயரை உலகுக்குக் கொண்டுபோனது.

இங்கிலாந்தில் அனுதாபம் பொங்கியது. நிதி திரட்டப்பட்டது. வடக்கே கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து ஐம்பது தன்னார்வலர்கள் அறுவடைக்காகக் கிளம்பினார்கள். அவர்களுக்குக் காவலாக ஆயிரத்தை நெருங்கும் படைவீரர்கள். நவம்பர் மழையில் கிளேர்மோரிஸ் ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய அந்த ஐம்பது பேரை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டிக்காரரும் முன்வராததால், பாலின்ரோப் வரை நனைந்துகொண்டே நடந்தார்கள். இரண்டு வாரம் கூடாரத்தில் தங்கி அவர்கள் எடுத்துக் கொடுத்த விளைச்சலின் மதிப்பு ஏறத்தாழ 500 பவுண்டு. ஆன செலவு 10,000 பவுண்டு என்று கணக்கிட்டார்கள். தோண்டிய ஒவ்வொரு டர்னிப் கிழங்குக்கும் ஒரு ஷில்லிங் என்று பார்னெல் கேலி செய்தார். நவம்பர் இறுதியில் பாய்காட் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பியபோதும் வண்டியோட்ட ஆள் கிடைக்கவில்லை. படையின் ஆம்புலன்ஸ் வண்டியில்தான் போக முடிந்தது. டப்ளினில் அவர் தங்கிய விடுதியின் உரிமையாளருக்கு, இவரை வைத்துக்கொண்டிருந்தால் உமக்கும் இதே கதிதான் என்று கடிதம் வந்தது. டிசம்பர் முதல் நாள் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இத்தனை நடந்துகொண்டிருக்கும்போதே சொல் பிறந்துவிட்டது. எந்த நாளில் பிறந்தது, யார் பெற்றது என்று சொல்ல முடிகிற சொற்கள் எந்த மொழியிலும் மிகக் குறைவு. அந்த வகையில் இது பாக்கியம் செய்த சொல். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத், லஃப் மாஸ்க் பகுதியின் பங்குத் தந்தை ஜான் ஓமாலியோடு அமர்ந்து உணவருந்திக்கொண்டிருந்தார். சாப்பிடாமல் யோசனையில் இருந்த ரெட்பாத்திடம் என்ன என்று கேட்டார் தந்தை. நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் விவசாயியை மக்கள் ஒதுக்கிவைத்தால் அதைச் சமூக விலக்கு என்கிறோம். ஆனால் பாய்காட்டைப் போன்ற ஒரு காரியஸ்தரையோ நிலக்கிழாரையோ அப்படிச் செய்யும்போது அதற்கென்று தனியாக ஒரு சொல் வேண்டும், எனக்குக் கிடைக்கவில்லை என்றார் இவர். ஆங்கிலத்தில் ஏற்கெனவே ‘ஆஸ்டிரசைஸ்’ என்ற வினை இருந்தது. ஏதென்ஸ் நகரத்தார் ஓட்டுச் சில்லுகளில் பெயரைக் கீறிப் பத்தாண்டு நாடுகடத்திய வழக்கத்திலிருந்து வந்த கிரேக்கச் சொல். அது உதவாது, உழவர்களுக்கு விளங்காது என்பதில் இருவருக்கும் உடன்பாடு. தந்தை ஓமாலி தன் பெரிய நெற்றியைத் தட்டிக்கொண்டு, “அவரைப் ‘பாய்காட்’ செய்வது என்று சொன்னால் எப்படி இருக்கும்?” என்றாராம். ரெட்பாத் அக்டோபரில் அமெரிக்கப் பத்திரிகையில் அதை எழுதினார். நவம்பரில் ‘டைம்ஸ்’ மேற்கோள் குறிக்குள் இட்டு அதை அச்சிட்டது. சம்பந்தப்பட்ட மனிதர் இன்னும் மேயோவில்தான் இருந்தார்!

ரெட்பாத் சொன்ன காரணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உழவர்களுக்குக் கிரேக்கச் சொல் விளங்காது என்பது வெளிப்படையான காரணம். உள்ளே இன்னொன்று இருக்கிறது. விலக்குவதற்கு ஒரு வட்டம் வேண்டும். விலக்கப்படுபவர் அந்த வட்டத்துக்குள் இருந்திருக்க வேண்டும். திருச்சபை தன் உறுப்பினரை விலக்கலாம், நகரம் தன் குடிமகனை விலக்கலாம், ஊர் தன் ஆளை விலக்கலாம். பாய்காட் ஊர்க்காரர் அல்லர்; ஊருக்கு மேலே இருந்தவர். மேலே இருக்கிறவரைக் கீழே இருக்கிறவர்கள் ‘தள்ளிவைப்பது’ எப்படி? தள்ளிவைக்க முடியாது, தாங்கள் விலகிக்கொள்ளத்தான் முடியும். ஆனால் எல்லாரும் ஒன்றாக விலகியபோது, நடுவில் நின்றவர் தள்ளிவைக்கப்பட்டவராகவே ஆகிவிட்டார்.

தமிழில் விலகு, விலக்கு என்று இரண்டு வினைகள் உண்டு. ஒதுங்கு, ஒதுக்கு என்பதும் அப்படியே. முதலாவது தன்வினை, செய்கிறவரோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது பிறவினை, இன்னொருவர் மேல் போய் விழுகிறது. ‘பாய்காட்’ என்ற ஆங்கில வினையோ, செயலில் விலகுதலாகவும் விளைவில் விலக்குதலாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. இலக்கணப்படி அது செயப்படுபொருள் கொள்ளும் வினை. ஆனால் செய்கிறவர் உண்மையில் எதையும் செய்வதில்லை, செய்துகொண்டிருந்ததை நிறுத்துகிறார், அவ்வளவே. இந்த இரட்டைத்தன்மைதான் சொல்லின் வலிமை. பின்னால் வந்த சங்கடங்களுக்கெல்லாம் வித்தும் அதுவே.

சொல் புதிது என்றாலும் செயல் பழையது. பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்து 1760களில் அமெரிக்கக் குடியேற்றங்களின் வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்கை இறக்குமதி செய்வதில்லை என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1791இல் இங்கிலாந்தில், அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையைத் தொடுவதில்லை என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முடிவெடுத்தன. அவற்றுக்கு ‘இறக்குமதியின்மை’, ‘தவிர்ப்பு’ என்ற பொருள்பட்ட பெயர்ச்சொற்கள்தாம் இருந்தன. அவை ஒருவர் தம் வீட்டுக்குள் செய்துகொள்ளும் நோன்பைப் போல ஒலித்தன. எதிரியின் பெயரே வினையானதும் ஒலி மாறிவிட்டது. மொழிக்குமொழி அது தாவிய வேகமும் வியப்புக்குரியது. பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்யன், ஜப்பானியம் எல்லாம் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டன.

தாவியபோது அதன் செயப்படுபொருளும் மாறிக்கொண்டே வந்தது. தொடக்கத்தில் ஆளைத்தான் ‘பாய்காட்’ செய்தார்கள். பிறகு பொருள்களை: துணி, சர்க்கரை, திராட்சை. அதன்பின் நிகழ்வுகளை: தேர்தல், விசாரணைக் குழு, ஒலிம்பிக் போட்டி. பெரிய எழுத்தும் மேற்கோள் குறியும் விரைவில் உதிர்ந்தன. ஆள் மறைந்து சொல் மட்டும் நின்றது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது, இந்த வினை தன் செயப்படுபொருளை நேராக எடுத்துக்கொள்ளும் என்பது. ‘தேர்விலிருந்து பாய்காட் செய்தோம்’ என்ற போக்கில் இடையில் ஓர் உருபைச் செருகுவது பிழை. தமிழில் ‘தேர்தலைப் புறக்கணித்தனர்’ என்று இரண்டாம் வேற்றுமை கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. அப்படியிருக்க, ‘புறக்கணிப்பு செய்தனர்’ என்று செய்திகளில் எழுதுவது ஏன் என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை. ஒரு கடையின் தோசை பிடிக்காமல் அங்கே போவதை நிறுத்தினால் அது ‘பாய்காட்’ ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைக்காரருக்குக் காரணம் தெரியாதவரை அது வெறும் ருசி. குடும்பப் பெயரில் வரும் முதல் அசைக்கும் ‘பையன்’ என்ற பொருளுக்கும் தொடர்பில்லை என்றாலும், பெண்கள் முன்னின்று நடத்தும் புறக்கணிப்புக்கு ‘கேர்ல்காட்’ என்று வேடிக்கையாக ஒரு சொல் உண்டாகியிருக்கிறது. கிரிக்கெட் பார்க்கும் தமிழர்களுக்கு இந்தப் பெயர் ஜெஃப்ரி பாய்காட் மூலமும் தெரியும்; 1967இல் லீட்ஸில் இந்தியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 246 ஓட்டம் எடுத்த அவரை, மிக மெதுவாக ஆடினார் என்று அடுத்த டெஸ்டில் சேர்க்காமல் விட்டார்கள். பாய்காட்டையே ‘பாய்காட்’ செய்த தேர்வுக்குழு அது.

இந்தியாவுக்கு இந்தச் சொல் ஆங்கிலச் செய்தித்தாள் வழியே வந்து, அரசியல் சொல்லாக வேரூன்றியது 1905இல். வங்கப் பிரிவினையை எதிர்த்து அந்த ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்தில் நடந்த கூட்டம் பிரிட்டிஷ் சரக்குகளைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு கல்கத்தா காங்கிரஸ் மாநாடு வங்கத்தின் ‘பாய்காட் இயக்கம்’ நியாயமானது என்று தீர்மானம் நிறைவேற்றியபோது, ‘இயக்கம்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, காங்கிரஸின் தீவிரப் பிரிவைச் சேர்ந்த பிபின் சந்திர பால், இது சரக்கோடு நிற்பதன்று, அரசுப் பதவிகளையும் துறப்பதே என்று விரித்துரைத்தார். மிதவாதிகள் அப்படியில்லை என்றார்கள். 1907இல் சூரத்தில் காங்கிரஸ் உடைந்ததற்கான காரணங்களில் இந்தச் சொல் எதுவரை நீளும் என்ற சண்டையும் ஒன்று. 1908இல் வ.உ. சிதம்பரனார் சிறைப்பட்டபோது, சுதேசிகளுக்கு எதிராக நடந்துகொண்ட ஒரு வழக்கறிஞருக்குப் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிக்கொண்டு போய்விட்டார் தூத்துக்குடி நாவிதர் என்று சொல்லப்படும் கதையைத் தென்பகுதியில் பலர் கேட்டிருப்பார்கள். மேயோவின் கொல்லரும் சலவைப் பெண்ணும் செய்ததற்கு அது நேர் ஒப்புமை.

தயங்கியவர்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது. துருக்கியின் கலீபாவுக்கு ஆதரவாக 1919 நவம்பரில் தில்லியில் கூடிய கிலாபத் மாநாட்டில் பிரிட்டிஷ் பொருள்களைப் புறக்கணிக்கும் தீர்மானத்தை உருதுக் கவிஞர் ஹஸ்ரத் மொகானி வலியுறுத்தினார். காந்திக்கு அது போதாததாகவும் பொருந்தாததாகவும் பட்டது. தான் நினைப்பதைச் சொல்ல இந்தியிலோ உருதுவிலோ சொல் கிடைக்காமல் திண்டாடி, கடைசியில் ‘ஒத்துழையாமை’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தியதாக அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1955 டிசம்பர் 5ஆம் நாள் அமெரிக்காவின் மான்ட்காமரி நகரில் கறுப்பின மக்கள், இருக்கைகளில் இனப்பாகுபாடு காட்டிய நகரப் பேருந்துகளில் ஏறுவதை நிறுத்தினார்கள். 381 நாள்கள் நடந்தும் கார்களில் சேர்ந்தும் வேலைக்குப் போனார்கள். ‘பாய்காட்’ தடைச் சட்டம் ஒன்றின்கீழ் மார்ட்டின் லூதர் கிங் தண்டிக்கப்பட்டார். ஆனால் அவருக்கே அந்தச் சொல்லில் உறுத்தல் இருந்தது. வெள்ளையின ஆதிக்க அமைப்புகளும் கறுப்பின மக்களை வழிக்குக் கொண்டுவர இதே முறையைத்தானே பயன்படுத்துகின்றன என்ற கேள்வி அவரை வாட்டியது. நாங்கள் ஒரு நிறுவனத்தை நசுக்க முயலவில்லை, தீய ஏற்பாட்டுக்குத் தந்துவந்த ஒத்துழைப்பை விலக்கிக்கொள்கிறோம் என்று தெளிந்தபின், அந்தச் சொல்லை அரிதாகவே பயன்படுத்தியதாக எழுதினார். காந்தி, கிங் இருவரும் தேடியது ‘விலகு’. கையில் அகப்பட்ட சொல்லிலோ ‘விலக்கு’ம் கலந்திருந்தது.

அந்தக் கலப்பு இந்திய மொழிகளில் எப்படி வெளிப்பட்டது என்பதற்குப் ‘பகிஷ்காரம்’ என்ற சொல்லே சான்று. வடமொழியில் அதன் நேர்ப்பொருள் வெளியே ஆக்குவது, அதாவது வெளியே தள்ளுவது. அந்நியத் துணி பகிஷ்காரம் என்று தேசிய இயக்கம் அதை ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் அம்பேத்கர் 1924இல் தொடங்கிய சங்கத்தின் பெயரில் ‘பகிஷ்கிருத்’ இருந்தது. 1927இல் தொடங்கிய மராத்தி இதழின் பெயர் ‘பகிஷ்கிருத் பாரத்’. வெளியே தள்ளப்பட்டவர்களின் இந்தியா என்று பொருள். ஒரு பக்கம் பகிஷ்காரம் விடுதலையின் ஆயுதம். இன்னொரு பக்கம் அது முதுகில் விழுந்த அடியின் பெயர். நம் ஊர்களில் ஊர்விலக்கு, ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்வது இந்த இரண்டாவது வகை. நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, கூலி வேலைக்குக் கூப்பிடக் கூடாது. மேயோவில் நடந்த ஒவ்வொன்றும் இதிலும் இருக்கிறது. திசை மட்டும் தலைகீழ். அங்கே நிலமில்லாதவர்கள் நிலமுள்ளவருக்குச் செய்தார்கள். இங்கே நிலமுள்ளவர்கள் நிலமில்லாதவர்களுக்குச் செய்கிறார்கள்.

பம்பாய் மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் நிலையை ஆராய்ந்து 1930இல் அறிக்கை தந்த ஸ்டார்ட் குழு, இவர்களை நசுக்குவதற்குச் சமூகப் புறக்கணிப்பைவிடப் பயனுள்ள ஆயுதம் இருப்பதாகத் தெரியவில்லை, வெளிப்படையான வன்முறைகூட இதன்முன் வெளிறிப்போகிறது என்று பதிவு செய்தது. அம்பேத்கர் அந்தப் பகுதியைத் தம் எழுத்தில் எடுத்துக்காட்டினார். வட்டமேசை மாநாட்டில் முன்வைத்த பாதுகாப்புத் திட்டத்தில், 1922ஆம் ஆண்டின் பர்மா ‘பாய்காட்’ எதிர்ப்புச் சட்டத்தின் வாசகங்களை ஏறக்குறைய அப்படியே கையாண்டார். இந்தச் சொல்லுக்கு வரையறை தரும் வேலை இப்படித்தான் அகராதிக்காரர்களிடமிருந்து சட்டம் எழுதுபவர்களிடம் போனது. தீண்டாமையைக் குற்றமாக்கிய 1955ஆம் ஆண்டுச் சட்டம், ‘பாய்காட்’ என்றால் என்ன என்று விளக்கம் தருகிறது: ஒருவருக்கு வீட்டையோ நிலத்தையோ விட மறுப்பது, அவரிடம் கூலிக்கு வேலை செய்யவோ அவரோடு வணிகம் செய்யவோ மறுப்பது, வழக்கமாக வைத்திருக்கும் சமூக, தொழில், வணிக உறவைத் துண்டித்துக்கொள்வது. எந்த அகராதியும் இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் பெயர் சொல்லியே குற்றமாக்கியது. மகாராஷ்டிரம் 2016இல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றியது. தேர்தலையோ துணியையோ புறக்கணிப்பது உரிமை, மனிதரைப் புறக்கணிப்பது குற்றம் என்று சட்டம் கோடு கிழித்திருக்கிறது என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் 1880இல் புறக்கணிக்கப்பட்டதும் ஒரு மனிதர்தான். அந்தக் கோட்டுக்கு அவர் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லைக்கொண்டு தீர்க்க முடியாது. யார் யாருக்குச் செய்தார்கள் என்று பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

இனித் தமிழில் இதன் நிலை. இலங்கைத் தமிழர்கள் பகிஷ்காரத்தைக் கைவிடவில்லை. ‘பகிஷ்கரிப்பு’ என்று அது அங்கே அன்றாடச் செய்திச் சொல். பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931இல் நடந்த அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்ததால், வடக்கில் நான்கு தொகுதிகள் 1934 வரை வெற்றிடமாகவே கிடந்தன. இன்றும் அங்கே மருத்துவர்களோ ரயில் ஊழியர்களோ வேலையை நிறுத்தினால் அது ‘பணிப்பகிஷ்கரிப்பு’. தமிழ்நாட்டில் அதையே வேலைநிறுத்தம் என்கிறோம். ‘புறக்கணிப்பு’ என்பதை நாம் வேறு இடங்களுக்கு வைத்திருக்கிறோம். வழக்கறிஞர்கள் செய்வது நீதிமன்றப் புறக்கணிப்பு. அவர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யவோ புறக்கணிப்புக்கு அழைப்பு விடுக்கவோ உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் படையிலிருந்த முன்னாள் கேப்டன் என்பது தற்செயல்தான். சட்டமன்றத்தில் உள்ளே போய் உட்கார்ந்து, பேசி, பிறகு எழுந்து வருவது வெளிநடப்பு. கூட்டத்தொடருக்கே போகாமலிருப்பது புறக்கணிப்பு. இந்த வேறுபாட்டைச் செய்தியாளர்கள் பெரும்பாலும் சரியாகவே காக்கிறார்கள்.

‘புறக்கணி’ என்பது ‘கடைக்கணி’ என்பதன் உறவுக்காரச் சொல். கடைக்கண்ணால் அருளோடு பார்ப்பது கடைக்கணித்தல். பாராமல் புறந்தள்ளுவது புறக்கணித்தல். பழைய பொருளில் அது பெரியவர் சிறியவரையும், மகன் தாயையும், அதிகாரி மனுதாரரையும் அலட்சியம் செய்வது. அதில் கூட்டு முடிவும் இல்லை, அறிவிப்பும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. மறதிகூட அதில் சேரும். இந்தச் சொல்லைத்தான் ‘பாய்காட்’டுக்கு ஈடாக எடுத்துக்கொண்டோம். எடுத்த பிறகும் பழைய பொருள் போகவில்லை. ஆளைச் செயப்படுபொருளாக வைத்தால் பெரும்பாலும் அலட்சியம். நிகழ்வையோ பொருளையோ வைத்தால் பெரும்பாலும் எதிர்ப்பு. ‘அமைச்சர் தொகுதியைப் புறக்கணித்தார்’, ‘அமைச்சர் விழாவைப் புறக்கணித்தார்’ என்ற இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம்! முதலாவதில் அவர் மேல் குற்றச்சாட்டு. இரண்டாவதில் அவருக்கே ஏதோ கோபம்.

இரண்டு பொருளும் சந்திக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தேர்தல் நாளில் ஏதாவது ஓர் உள்ளடங்கிய ஊருக்குப் போக வேண்டும். சாலை இல்லை, பாலம் இல்லை, அல்லது பட்டா இல்லை. ஊர் முகப்பில் இரண்டு கம்பம் நட்டு ஒரு பிளெக்ஸ் தட்டி. வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி. பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் அலுவலர்கள் காலை ஏழு மணியிலிருந்து மை பாட்டிலைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பத்து மணிக்கு வட்டாட்சியரின் ஜீப் வரும், வேப்பமரத்தடியில் பேச்சுவார்த்தை, எழுதிக் கொடுங்கள் என்பார்கள் ஊரார், மேலிடத்தில் சொல்கிறேன் என்பார் அவர். தட்டியில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் இருக்கும்: ‘எங்களைப் புறக்கணித்த அரசைக் கண்டித்துத் தேர்தலைப் புறக்கணிக்கிறோம்’. முதல் ‘புறக்கணிப்பு’ மேலிருந்து கீழே வந்தது, ஓசையில்லாமல், ஆண்டுக்கணக்காக. இரண்டாவது கீழிருந்து மேலே போகிறது, கறுப்புக் கொடியோடு, ஒரே நாளில். தட்டியை எழுதியவருக்கு இரண்டு இடத்துக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. அதை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டிய செய்தியாளர்தான் இரண்டாவது இடத்தில் பாய்காட்டை எழுதிவிட்டு, முதல் இடத்துக்கு வேறொரு வினையைத் தேடிக்கொண்டிருப்பார்.